ஆறு பத்துக்கு ஐந்து நிமிஷம்

செப்டம்பர் 9, திங்கள்

பகவதியை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷம் பாளையங்கோட்டையிலேயே நர்ஸாக இருந்த என் மனைவியை, ஐம்பத்து மூன்று வயதில் எண்பது கிலோமீட்டர் தள்ளித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்குமா, இருக்காதா?

இரண்டு பெட்டிகளோடு போனாள். தையல் மிஷினைப் போன வாரமே லோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டாள். கொஞ்ச நாள் மாறுதலுக்குத் தையல் மிஷின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளுடைய மிஷின்.

கார் மட்டும் இங்கே நிற்கிறது. இப்போதைக்கு அவளுக்கு ஹாஸ்டல். அங்கே நிறுத்த இடமில்லை.

"பொங்கல் கழிச்சு குவார்ட்டர்ஸ் கெடைச்சிரும். அப்ப வந்து எடுத்துக்கிடுதேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைக்கு ஒருக்கா டிரைவர் காளிராஜக் கூப்பிட்டு தாழையூத்து வரைக்கும் ஓட்டச் சொல்லுங்க. நம்பர் காலண்டர்ல எழுதியிருக்கேன். சும்மா நிக்கப் போட்டா வண்டி செத்துரும்" என்றாள்.

சரி என்றேன். பஸ் கிளம்பும்போது வேறு ஏதோ சொன்னாள். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலை 6:10க்கு முழிப்பு வந்துவிட்டது. ஏழு மணி டூட்டிக்கு அவள் அந்த நேரத்துக்குத்தான் வண்டியை எடுப்பாள். எட்டு வருஷமாக நான் அலாரம் வைத்ததில்லை.

இன்று ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய் நானே சாவியைத் திருகினேன். உடனே பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காளிராஜைக் கூப்பிடவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் தேவையே இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே தவிர, கார் எப்படி ஓடுகிறது என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் நாலு பேர் இருந்தால் அதிகம். பழைய பாடத்திட்டத்தில் நான்கு வீச்சு எஞ்சின் இருந்த காலம் முழுக்க அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். பெட்ரோலும் காற்றும் உள்ளே இழுக்கப்படும். பிஸ்டன் மேலே வந்து அதை அமுக்கும். பொறி தட்டியதும் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும். எரிந்த புகை வெளியே போகும். இவ்வளவுதான். பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுற்றும் அசைவாக மாற்றுவது கிராங்க். உராய்வு வராமல் காப்பது எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓடுவதைவிடத் தினமும் ஐந்து நிமிஷம் ஓடுவது மேல். வாரத்துக்கு ஒருமுறை வயிறு முட்டச் சாப்பிடுகிறவனும் தினம் அளவாகச் சாப்பிடுகிறவனும் ஒன்றா?

தவிர, காளிராஜ் ஆறடி உயரம். அவள் சீட்டைப் பின்னால் தள்ளிவிடுவான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பகவதி போன் செய்தாள். வாரம் ஒரு தடவை செய்கிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வண்டி ஓடுதா. மூன்று கேள்விகள், மூன்றுக்கும் "ம்". ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எங்களுக்குள் சண்டை என்று எப்போதும் கிடையாது. அது பேசுகிறவர்களுக்கு.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வருஷா வருஷம் அவள் செய்வதை இந்த முறை நானே செய்தேன். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்கண்ணாடிக்கு மேலே மாலை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டிச் சாவியைத் திருகினேன். அப்புறம்தான் நினைவு வந்தது, வண்டியை முன்னால் எடுத்துப் பழத்தை நசுக்க வேண்டும். அதுதானே சடங்கு.

எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் பல் துலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி பழத்தின் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். பிறகு, சரி, கற்பூரம் காட்டியதே போதும் என்று அணைத்துவிட்டேன்.

பழங்களை எடுக்கவில்லை. பூஜை செய்ததை எடுக்கலாமா என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்தேன். அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். எண்ணெய் சொட்டுக்கூடக் குறையவில்லை. சொல்லப்போனால் செப்டம்பரில் பார்த்ததைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. உள்ளே நல்ல பிசுபிசுப்பு இருப்பதால்தான் இப்படி இருக்கும். வண்டி என் கையில் தேறி வருகிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

மார்க்கெட்டில் எஸ்தரைப் பார்த்தேன். பகவதியோடு ஒரே வார்டில் வேலை பார்த்த பெண்.

"என்ன அண்ணாச்சி, ஆளு பாதியாயிட்டீங்க?"

"மனுஷன் தானே சமைச்சுச் சாப்பிட்டா அப்படித்தான். உங்க அக்காவத் தூக்கி நாகர்கோவில்ல போட்டுட்டானுவளே."

எஸ்தர் கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதையும் போட்டாள்.

"அக்கா ஒங்ககிட்ட சொல்லலியா? யாரும் தூக்கிப் போடல அண்ணாச்சி. அது விருப்ப மாறுதல். அக்காவே எழுதிக் கொடுத்து, ரெண்டு வருஷமாக் காத்துக் கிடந்து வாங்குனதுல்லா."

கத்தரிக்காய் நன்றாக இருந்தது. அரைக்கிலோ வாங்கினேன்.

நவம்பர் 11, திங்கள்

ஐந்து நிமிஷம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஐந்து நிமிஷம். மழை.

நவம்பர் 17, ஞாயிறு

போன் வந்தது. மாறுதல் பற்றிக் கேட்க நினைத்தேன். "மாத்திரை போட்டேன்" என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷமும் ஒன்றும் நடக்கவில்லை.

கார் வாங்கிய புதிதில் ஒன்று நடந்தது. அதை எழுதிவிடுகிறேன். அவள் நாற்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் சம்பளத்தில் வாங்கிய வண்டி. முதல் பயணம் திருச்செந்தூருக்கு. நான் இடதுபக்கம் உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டாவது கியரில் இவ்வளவு நேரம் போகக்கூடாது. கிளட்சில் கால் வைத்துக்கொண்டே ஓட்டினால் தேய்ந்துவிடும். வேகத்துக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு இன்னது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் புத்தகத்தில் இருப்பது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினாள். முகத்தைத் திருப்பாமல், "இறங்குங்க" என்றாள். இறங்கினேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் நான் ஏறியதில்லை. கேட்டவர்களிடம் காரில் போனால் வயிற்றைப் புரட்டும் என்று சொல்லிவைத்தேன். ஒரே கல்யாணத்துக்கு அவள் காரிலும் நான் பஸ்ஸிலுமாகப் போவோம். மண்டபத்து வாசலில் சேர்ந்துகொண்டு ஒன்றாக உள்ளே நுழைவோம். எட்டு வருஷம். அவளும் ஏறுங்க என்று சொல்லவில்லை. நானும் ஏறட்டுமா என்று கேட்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம், சுவர்க் கடிகாரத்தைவிட வேகமாக. குளிர் காரணமாக இருக்கலாம். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஆக்ஸிலேட்டரைக் குடையின் முனையால் அழுத்தி நன்றாக ரேஸ் கொடுத்தேன். தொண்டையைச் செருமினால் சரியாகிவிடுவது போல அதுவும் குறைந்தது.

உள்ளே உட்கார்ந்து அழுத்தலாமே என்று கேட்டால், சீட் முன்னால் தள்ளியிருக்கிறது. என் முழங்கால் இடிக்கும். அது அவள் உயரத்துக்கு வைத்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

எண்ணெய்க் கிண்ணம் போல ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. நான்தான் எண்ணெய் நிறைய இருப்பதைப் பார்த்தேனே. விளக்கில்தான் கோளாறு.

போனில் பகவதி, "காளிராஜ் ஒழுங்கா வாரானா?" என்றாள்.

"ம்."

"தாழையூத்து வரைக்கும் போறானா, இல்ல முக்கு வரைக்கும் போயிட்டு வந்திருதானா?"

"போறான்."

என் ஐம்பத்தேழு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு பொய் சொன்னதாக ஞாபகமில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

வண்டி நின்றுவிட்டது.

டிக் டிக் இன்று டொக் டொக்காகிவிட்டது. சுத்தியலால் உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற சத்தம். நான் கட்டிலிலிருந்து எழுந்து வெளியே ஓடுவதற்குள் ஒரு முறை இறுகி, உதறி, அடங்கிவிட்டது. சாவியைத் திருகினால் க்ளக் என்கிறது, அவ்வளவுதான்.

கட்டிலிலிருந்து எழுந்து என்று எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு நான் பக்கத்தில் நிற்பதில்லை. உள்ளே போய், என் பக்கம் படுத்து, போர்த்திக்கொள்வேன். சுவருக்கு அந்தப்பக்கம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இப்போதுதான் அவள் எழுந்து குளித்து, பிளாஸ்கில் எனக்குக் காபி ஊற்றி வைத்துவிட்டு, வண்டியில் ஏறியிருக்கிறாள் என்று இருக்கும். ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து போய் அணைப்பேன்.

செப்டம்பர் பத்தாம் தேதியிலிருந்து தினமும் இதைத்தான் செய்துவந்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

6:10. சத்தமில்லை. படுத்தே கிடந்ததில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் முறை.

டிசம்பர் 22, ஞாயிறு

மெக்கானிக் பீர் முகமது வந்தார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். சாவியைத் திருகிப் பார்த்தார். அளவுகோலை உருவி மூக்கில் வைத்து முகர்ந்தார். மூடியைத் திறந்து அந்த வெண்ணெயை விரலில் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது என்ன சார்?"

"கிரீஸ் மாதிரி ஏதோ..."

"தண்ணி சார். எண்ணெயும் தண்ணியும் கலந்து அடிச்ச மோரு."

அவருடைய ஷெட்டுக்குக் கொண்டுபோக வண்டியைத் தள்ளினோம். அசைய மறுத்தது. குனிந்து டயருக்கு அடியில் பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முன்சக்கரத்தின் அடியிலிருந்து கருத்துச் சுருங்கி மரக்கட்டை போலாகிவிட்ட எலுமிச்சம்பழம் ஒன்றை உருவி எடுத்தார்.

"இது ஆயுத பூசைக்கு வச்சதா?"

"ஆமா."

"அப்பம் அதுக்குப் பெறவு வண்டி ஒரு அடிகூட நகரல?"

"தினமும் ஸ்டார்ட் பண்ணினேன் பாய். ஒருநாள் விடாம. அஞ்சு நிமிஷம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அதாம் சார் கெடுத்துட்டு. சும்மா நிக்க விட்டிருந்தாக்கூட இம்புட்டு ஆயிருக்காது."

டிசம்பர் 24, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டதும் ஷெட்டுக்குப் போனேன். எஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகக் காட்டினார்.

பெட்ரோல் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் வரும். இந்தச் சமன்பாட்டை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன், சமன் செய்யத் தெரியாதவர்களின் காதைத் திருகியிருப்பேன். அந்த நீர் எங்கே போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எஞ்சின் நன்றாகச் சூடானால் ஆவியாகி வெளியே போய்விடுமாம். சூடாகுமுன் அணைத்தால் உள்ளேயே குளிர்ந்து எண்ணெயில் இறங்கும். எரியாத பெட்ரோலும் கூட இறங்கும். எண்ணெய் அளவு ஏறியதற்கு அதுதான் காரணம். மூன்று மாதத்துக்கு மேல் தினம் ஒரு வாயாக ஊற்றியிருக்கிறேன்.

"எண்ணெய் உறிஞ்சுற சல்லடையப் பாருங்க" என்றார். திரிந்த பால் போல அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் எண்ணெய் மேலே ஏறவில்லை. விளக்கு அதைத்தான் சொன்னது. நான் குடையால் ரேஸ் கொடுத்தேன். கிராங்கைத் தாங்கும் பேரிங் எண்ணெய் இல்லாமல் தேய்ந்து, பிய்ந்து, ஒட்டிக்கொண்டது.

"சூடாகணும் சார். அரை மணி நேரம் ரோட்டுல போயி, நல்லாச் சூடாகி, உள்ள இருக்க தண்ணியெல்லாம் போனாத்தான் வண்டி. நின்ன எடத்துலயே ஓடுனா உள்ளுக்குள்ளயே நனைஞ்சு சாவும்."

ஒரு பிஸ்டனை என் கையில் கொடுத்தார். இத்தனை வருஷம் கரும்பலகையில் ஒரு முழ அகலத்துக்கு வரைந்தது, கையில் ஒரு டம்ளர் அளவுதான் இருந்தது. நான் ஒரு பிஸ்டனைத் தொட்டது இதுதான் முதல் முறை. அதை அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

போன் வந்தது. அவள் மூன்று கேள்வி கேட்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"வண்டியக் கெடுத்துட்டேன் பகவதி. காளிராஜை ஒரு தடவகூடக் கூப்பிடல. தெனமும் நானே நிறுத்தின இடத்துலயே ஓடவிட்டேன். எஞ்சின் இறுகிட்டு. ஷெட்டுல கெடக்கு."

ரொம்ப நேரம் அவள் பக்கத்தில் மின்விசிறி ஓடுவது கேட்டது.

"சொன்னேன்லா" என்றாள் கடைசியில். "சொன்னதக் கேக்கவே மாட்டீங்களா?"

"பொங்கலுக்குள்ள சரியாயிரும்னு பாய் சொல்லுதாரு."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

நாலு நிமிஷம் பேசியிருக்கிறோம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில் வைத்தேன், கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. வண்டி நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டது. நான் சாவியைத் தொடவில்லை. 6:10க்கு முழித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தேன். கஷ்டமாக இருந்தது. இதற்கு வேறு வார்த்தை தேட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 18, சனி

பகவதி பத்து மணிக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள். முடியை வேறு மாதிரி கட்டியிருக்கிறாள். வீட்டுக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், வார்டில் ரவுண்ட்ஸ் போவதுபோல. பீரோவைத் திறந்து மீதிப் புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டாள். மீதி என்று ஒன்றும் விடவில்லை.

வீட்டோரத்துக் கார் ஷெட்டில் குனிந்து எதையோ எடுத்தாள். கருத்த எலுமிச்சம்பழம், பின்சக்கரத்துப் பழம். பீர் முகமது எடுக்காமல் விட்டது. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"புது வேலை பாத்த எஞ்சின். ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அறுபதுக்கு மேல போகக்கூடாதுன்னாரு பாய். ஆனா ஓடிக்கிட்டே இருக்கணுமாம்" என்றேன்.

உள்ளே உட்கார்ந்தாள். சீட்டைச் சரிசெய்யக் கையைக் கீழே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். அது அவள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. ஷெட்டுக்கு அனுப்பும்போது பீர் முகமதுவிடம் சொல்லி அளவெடுத்து வைத்திருந்தேன்.

குனிந்து இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"நாங்குநேரி வரைக்கும் வாங்க. அங்கேருந்து பஸ் இருக்கு."

ஏறினேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம். வண்டிக்குள் அவள் போடும் பவுடர் வாசனை இன்னும் இருந்தது.

நாலுவழிச் சாலை ஏறும்வரை இரண்டாவது கியரிலேயே வந்தாள். எஞ்சின் முனகியது. நான் வாயைத் திறக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

"சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"சொல்லணும்னு இருக்குலா?"

"இருக்கு."

சிரித்தாள். கியரை மாற்றினாள். சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமும் அது அடியிலேயே கிடந்திருக்கும். அங்கே ஒரு முள் இருப்பதைக்கூட நான் பார்த்ததில்லை.

"எதுக்கு டெய்லி ஸ்டார்ட் பண்ணுனீங்க? ஞாயித்துக்கிழமைக்கு ஒருக்கான்னுதான சொன்னேன்."

சொன்னேன். ஆறு பத்து, கட்டில், போர்வை, சுவருக்கு அந்தப்பக்கச் சத்தம், எல்லாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மாறுதல் விஷயம் தெரியும் என்றும் சொன்னேன்.

அவள் அறுபதிலேயே போனாள். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.

நாங்குநேரியில் ஒரு கடையில் டீ குடித்தோம். பஸ் வந்தது. "மாத்திரை மறக்காதீங்க" என்றாள். என்றைக்கு வருவாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் வருவேன் என்று சொல்லவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டி தெற்கே போய்க்கொண்டிருந்தது, மெதுவாக, ஓரமாக.

ஜனவரி 19, ஞாயிறு

6:10க்கு முழிப்பு. கார் ஷெட் காலி. தரையில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருக்கிறது. கழுவவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போன் வரவில்லை. கேட்கத்தான் வண்டி இல்லையே.

ஜனவரி 20, திங்கள்

காலையில் படுத்திருந்தேன். போன் அடித்தது. பகவதி. மணி பார்த்தேன், ஆறு பத்து.

"என்ன ஆச்சு?" என்றேன்.

சாவி திரும்பும் சத்தம். அப்புறம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டிக் டிக் இல்லை, டொக் டொக் இல்லை. சீராக ஓடியது. போனைக் காதோடு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது."

வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷமெல்லாம் நிக்கக்கூடாதுல்லா" என்றாள். "நான் கிளம்புதேன்."

கியர் விழும் சத்தம் கேட்டது. முதல் கியர், இரண்டாவது கியர். மூன்றாவதற்கு மாற்றும்முன் போன் நின்றுவிட்டது.